தொற்று நாட்களில் எங்கே நடப்பது: ஆற்றங்கரையா, வரப்பா, கடற்கரையா?

மலையேற்றம் போக டெல்டாவில் சொல்லிக்கொள்ள ஒரு குன்றுகூட இல்லை. கல்லணையில் ஆரம்பித்துக் கடல் வரைக்கும் சமதரை. ஆனால் நடக்கிறவனுக்குப் பாதைக்குப் பஞ்சமே கிடையாது. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போய்ச் சேர்வதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்ட வேண்டும். ஆற்றுக்கு இரண்டு கரை என்றால் அங்கேயே பத்துக் கரை ஆயிற்று. வாய்க்கால்களையும் வரப்புகளையும் எண்ணி மாளாது.

2020 மார்ச் 24 மாலையோடு கொரோனா ஊரடங்கில் வீட்டுக்குள் அடைந்தோம். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த முதல் மருந்தே நடைதான், அதுவே நின்றுபோனது. தளர்வு அறிவித்ததும் ஊரே நடக்கக் கிளம்பியது. எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே ரோட்டில். அடுத்த ஆண்டு மே மாதம் இரண்டாம் அலையில் மறுபடியும் அதே கதை. இனிமேல் வேறு எந்தத் தொற்று வந்தாலும் அந்தக் கேள்வி திரும்ப வரும்: வெளியே நடக்கலாம் என்றால், எங்கே?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆள் நடமாட்டம் இல்லை என்பதாலேயே ஓர் இடம் பத்திரமான இடம் ஆகிவிடாது. எதிரே வருபவரை ஆறடி தள்ளிக் கடக்க அகலம் வேண்டும். கால் பிசகி விழுந்தால் கூப்பிடு தூரத்தில் யாராவது இருக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்து கிடைப்பது நம் பக்கத்தில் பெரும்பாலும் ஊரை ஒட்டிய ஆற்றங்கரைதான். ஆனால் எல்லா மாதமும் இல்லை, எல்லோருக்கும் இல்லை. அதனால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அதற்கு முன்னால் பரவும் விதம் பற்றி ஒரு வார்த்தை. மூச்சிலும் பேச்சிலும் வெளிவரும் நுண்துளிகள் மூடிய அறையில் தேங்கி நிற்கும். வெட்டவெளியில் காற்றோடு கலைந்துவிடும். ஒருவரை ஒருவர் கடந்து போகிற சில நொடிகளில் பெரிய ஆபத்து இல்லை. நின்று முகத்துக்கு முகம் கால்மணி நேரம் பேசினால்தான் வெட்டவெளியும் கைகொடுக்காது. நம் ஊர்ப் பழக்கத்தை நினைத்துப் பாருங்கள். நடை முடிந்ததும் டீக்கடை. பெஞ்சில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, மாஸ்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, பேப்பரில் பாதியை இவரும் பாதியை அவரும் பிடித்துக்கொண்டு அரசியல். நடந்த முக்கால் மணி நேரத்தைவிட அந்தக் கால்மணி நேரத்தைத்தான் நான் அஞ்சுவேன். ஆகவே பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது அது எங்கே போய் முடிகிறது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். டீக்கடை வாசலில் முடிகிற பாதை என்றால் எதிர்ப்பக்கமாக நடந்து வீட்டு வாசலில் முடியுங்கள்.

இனி டவுன். தஞ்சாவூரில் மேலவீதி, வடக்குவீதி, கும்பகோணத்தில் மகாமகக் குளத்தைச் சுற்றி, திருவாரூரில் கமலாலயக் குளத்தின் நான்கு கரை, மன்னார்குடியில் ஹரித்ராநதிக் குளம். சாதாரண நாட்களில் இவற்றுக்கு ஈடு இல்லை. தரை சமம், விளக்கு உண்டு, விழுந்தால் தூக்கிவிட ஆள் உண்டு. தொற்று நாட்களில் அந்த ஆள்தான் பிரச்சினை. குளத்தைச் சுற்றுகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராக, ஒரே திசையில், ஒரே வேகத்தில் போவதால் முன்னால் போகிறவர் மூச்சுக்குப் பின்னாலேயே சுற்றுச் சுற்றாக நடக்க நேர்கிறது. காலை ஆறு மணிக்குக் கமலாலயக் கரையில் நடப்பதும் பகல் இரண்டு மணிக்கு நடப்பதும் ஒன்றில்லை. ஆனால் பகல் இரண்டு மணி வெயிலில் யார் நடப்பது? டவுனில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது: குளக்கரையை விட்டுவிட்டுக் குடியிருப்புத் தெருக்களில் நடங்கள். பார்க்க ஒன்றும் இருக்காது. ஆனால் ஒருவர் வந்தால் நீங்கள் எதிர்ச்சாரிக்கு மாறிக்கொள்ளலாம்.

ஆற்றங்கரைக்கு வருவோம். நான் நீடாமங்கலம் பக்கத்துக்காரன். மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகிற இடத்தைச் சுற்றி எத்தனையோ கரைகள் உண்டு. எல்லாக் கரையும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு கரையில் டிராக்டர் போய்வரும், மண் இறுகிக் கிடக்கும், இரண்டு வண்டித்தடம் தெரியும். எதிரே ஆள் வந்தால் அவர் ஒரு தடத்தில், நாம் ஒரு தடத்தில் போய்விடலாம். எதிர்க்கரையில் நெய்வேலிக் காட்டாமணக்கும் நாணலும் மண்டி ஒற்றையடித் தடம் மட்டும் மிச்சம் இருக்கும். ஒற்றையடித் தடத்தில் ஒதுங்க இடம் கிடையாது. ஒரு பக்கம் புதர், மறுபக்கம் சரிவு. அதனால் எந்த ஆறு என்பதைவிட, அந்த ஆற்றின் எந்தக் கரை என்பதுதான் முக்கியம். வண்டி போகிற கரையைப் பிடியுங்கள்.

அடுத்தது தண்ணீர். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். அதை வைத்தே டெல்டாவின் நடைக்கும் ஒரு பஞ்சாங்கம் எழுதிவிடலாம். 2020-இல், ஊரடங்குக்கு நடுவிலேயே, எட்டு வருஷத்துக்கு அப்புறம் முதல்முறையாகச் சொன்ன தேதியில் அணை திறந்தது. ஜூன் 16-இல் கல்லணையில் தண்ணீர் பிரித்து விட்டார்கள். வீட்டில் அடைந்து கிடந்த ஜனங்கள் தண்ணீரைப் பார்க்கவே கரைக்கு வந்தார்கள். வராமல் எப்படி இருக்க முடியும்? ஆனால் புதுத்தண்ணீர் வரும் வாரத்தில் மதகும் பாலமும் படித்துறையும்தான் கூட்டம் சேரும் இடங்கள். ஆடிப்பெருக்குக்கும் அப்படித்தான். அந்த நாட்களில் கரையில் நடக்கலாம், மதகுப் பக்கம் நிற்க வேண்டாம். பாலத்துக்கும் பாலத்துக்கும் நடுவில் இருக்கிற நீளத்தில் ஆளே இருக்க மாட்டார்கள்.

தண்ணீர் ஓடும்போது கரையின் விளிம்பை விட்டு உள்பக்கமாக நடப்பது அவசியம். மழையில் ஊறிய கரையில் விளிம்பு மண் எப்போது சரியும் என்று மேலே நின்று பார்த்தால் தெரியாது. கல்லணைக் கால்வாயில், அதாவது புதுஆற்றில், கான்கிரீட் சாய்தளம் போட்ட இடங்களில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். பாசி படிந்த சாய்தளத்தில் கால் வைத்தால் வழுக்கிக்கொண்டு நேரே உள்ளேதான். பிடித்து ஏற ஒரு வேர்கூடக் கிடைக்காது. குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்கள் புதுஆற்றுக் கரையை விட்டுவிட்டு மண்கரை உள்ள ஆற்றுக்குப் போகலாம்.

வரப்பு பற்றி எனக்கு இரண்டு மனசு உண்டு. அதிகாலையில் பனி இறங்கிய சம்பா வயலுக்கு நடுவே நடப்பதைப் போல மனசை ஆற்றும் நடை வேறு இல்லை. மைல் கணக்கில் ஆள் இருக்க மாட்டார்கள். ஆனால் வரப்பின் அகலம் ஓர் அடி, மிஞ்சினால் ஒன்றரை அடி. 2020 ஐப்பசி வாக்கில் ஒரு நாள் காலை, எங்கள் ஊர்க் கீழ்ப்பாத்தியில், தலையில் நாற்றுக்கட்டோடு ஓர் அம்மா எதிரே வந்தார். என்னைப் பார்த்ததும் தூரத்திலேயே நின்றுகொண்டு முந்தானையை எடுத்து மூக்கை மூடினார். "தம்பி, அங்கேயே நில்லுங்க. நான் வயல்ல இறங்கிக்கிறேன்" என்றார். நான் "வேணாம்மா, நான் இறங்கிக்கிறேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் முழங்கால் சேற்றில் இறங்கிவிட்டார். தண்ணீர் சொட்டும் அந்தக் கட்டைச் சுமந்துகொண்டு, காற்று வாங்க வந்த எனக்காக.

வரப்பு வேலை செய்கிறவர்களின் பாதை. அங்கே அவர்கள் வேறு வழியில் போக முடியாது, நாம் போக முடியும். அதனால் நடவு, களை, அறுப்பு நடக்கும் வாரங்களில் நடைக்காக வரப்பில் இறங்க வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். நமக்குத் தொற்று வருமோ என்று மட்டும் யோசித்தால் போதாது. நம்மிடமிருந்து அன்றாடங்கூலிக்குப் போகிற ஒருவருக்குத் தொற்றினால் அவருக்குப் பல நாள் கூலி போய்விடும். சம்பா அறுத்து முடித்து, உளுந்தும் பயறும் முளைத்துக் கிடக்கும் மாசி பங்குனியில் வரப்புகள் காய்ந்து ஆள் நடமாட்டமும் குறையும். அப்போது போகலாம், வயலுக்குள் கால் வைக்காமல்.

வரப்பில் இன்னொரு பயம் பாம்பு. நெல் இருக்கும் இடத்தில் எலி, எலி இருக்கும் இடத்தில் பாம்பு. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை என்ற நான்கும்தான் முக்கியமாக உயிருக்கு ஆபத்தானவை. கண்ணாடி விரியன் குக்கர் விசில் வருவதற்கு முன்னால் சீறுகிற மாதிரி சத்தம் கொடுக்கும். அதைக் கேட்டால் அசையாமல் நின்று, எங்கே என்று பார்த்த பிறகு பின்வாங்குங்கள். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது, சத்தம் கொடுக்காது. ஆகவே விடிந்து பாதை கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் புல் உள்ள தடத்தில் இறங்க வேண்டும். ரப்பர் செருப்பு போதாது, கணுக்காலை மூடும் ஷூ வேண்டும். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட காலை ஆட்டாமல், 108-க்குப் போன் போட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மந்திரிக்கப் போகிற அரைமணி நேரம் உயிரை எடுத்துவிடும். 2021 மே மாதம் படுக்கைக்கு ஜனங்கள் ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மாதிரி நாட்களில் ஒரு சாதாரண எலும்பு முறிவுக்குக்கூட அந்தக் கூட்டத்துக்குள் போய்த்தான் நிற்க வேண்டியிருக்கும். நடைக்குப் போய் அடிபடாமல் திரும்புவதே அன்றைக்குப் பெரிய தொற்றுத் தடுப்பு.

காய்ச்சல் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதை யாரும் சொல்வதில்லை. வயல், புதர், வாய்க்கால் என்று நடந்தவருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தால், தொற்றுக் காலத்தில் எல்லோருக்கும் கொரோனா மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம், உடம்பில் எங்காவது கருகிய பொருக்கு மாதிரி ஒரு புண் இருக்கிறதா என்று அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் பார்க்க வேண்டும். எலிக்காய்ச்சலாக இருக்கலாம், எலிச் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள சிராய்ப்பு வழியாகவே உள்ளே போய்விடும். இரண்டுக்குமே மருந்து உண்டு, சீக்கிரம் ஆரம்பித்தால் குணமாகிவிடும். தொற்றுப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்ததும் நிம்மதியாகப் படுத்துவிடாமல், "வயலில் நடந்தேன்" என்று டாக்டரிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள்.

கோடையில் ஆற்றுக்குள்ளேயே நடக்கிறவர்கள் உண்டு. மாசியிலிருந்து வைகாசி வரை மணல்தான். கொள்ளிடத்தில் ஓர் ஊரே நடந்தாலும் ஒருவரை ஒருவர் இடிக்க வேண்டியதில்லை, அத்தனை அகலம். தொற்றை மட்டும் வைத்துப் பார்த்தால் இதற்குத்தான் முதல் மார்க். ஆனால் மணல் அள்ளிய பள்ளங்கள் இருக்கின்றன. மேலே சமமாகத் தெரியும் மணல் ஓரத்தில் காலை வைத்ததும் சரியும். பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் ஆழம் தெரியாது. ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகள் அதில் மூழ்கி இறந்த செய்தி வருகிறது. கத்திரி வெயிலில் எட்டு மணிக்கே மணல் சுடும், நிழல் என்று பேருக்கு ஒரு மரம் கிடையாது. அணை திறக்கப் போகிறார்கள் என்று அறிவித்துவிட்டால் ஆற்றுக்குள் இறங்கவே கூடாது. மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் வந்து சத்தம் போடுவார் என்று காத்திருக்காதீர்கள். பழக்கப்பட்ட பெரியவர்கள், வழக்கமாகப் போகிற தடத்தில், விடியற்காலையில் போகலாம். மற்றவர்கள் கரையோடு நிற்பது நல்லது.

கடற்கரை நாகை, மயிலாடுதுறை மாவட்டத்துக்காரர்களுக்கு. காற்று எப்போதும் அடிப்பதால் தொற்றிலிருந்து தப்ப இதுவும் நல்ல இடம்தான். பூம்புகார், தரங்கம்பாடி, வேளாங்கண்ணி என்று பெயர் பெற்ற இடங்களை மட்டும் விட்டுவிட வேண்டும்; மணலில் இடம் இருந்தாலும் நுழைகிற வழியும் கடைகளும் நெருக்கடி. அரசும் தொற்று நாட்களில் முதலில் மூடுவது இந்தக் கடற்கரைகளைத்தான். இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போனால் தனிமை கிடைக்கும். ஆனால் அங்கே இருப்பது மீனவர் ஊர், அவர்களின் வேலை இடம். விடியற்காலையில் படகுகள் வந்து சேரும்போது ஏலம் நடக்கும், கூட்டம் கூடும். அந்த நேரத்தைத் தவிருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும், வலை பின்னுகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். தள்ளி நடங்கள், வலை மேல் கால் வைக்காதீர்கள். ஐப்பசி கார்த்திகையில் கடல் சீற்றமாக இருக்கும்போது அலையை ஒட்டி நடப்பது வேண்டவே வேண்டாம்.

கோடியக்கரைக்கு வண்டி எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சுருக்கமானது: தொற்று பரவும் நாட்களில் வேண்டாம். 1967-இலிருந்து சரணாலயமாக இருக்கும் இடம், வெளிமான்களும் காடும் எங்கும் போய்விடாது. காரில் நாலு பேர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு மணி நேரம் போனால், போகிற வழியிலேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றிவிடலாம். அங்கே போய் நடக்கிற திறந்தவெளி நடை அதை ஈடுகட்டாது. அதோடு, 2020-இல் பல ஊர்களில் முள்ளை வெட்டி ரோட்டில் போட்டு வெளியாட்களைத் தடுத்தார்கள். அதில் கோபப்பட ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரி இல்லாத ஊர், வயசானவர்கள் நிறைந்த ஊர், பயந்துதான் ஆக வேண்டும். நம் ஊர்க் கரையில் நடந்துவிட்டு வீட்டுக்கு வருவதுதான் அந்த ஊர்களுக்கும் நாம் செய்யும் உதவி.

சரி, யாருக்கு எது?

உடம்பு நன்றாக இருக்கிறது, கிராமத்திலோ டவுனின் ஓரத்திலோ வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம்: வண்டித்தடம் உள்ள ஆற்றங்கரை, விடிந்து அரைமணி நேரத்துக்குள். எல்லோரும் காலையில் கிளம்பும் ஊராக இருந்தால் மாலை ஐந்து மணி. தனியாகவோ, ஒரே வீட்டில் இருப்பவர்கள் சேர்ந்தோ போகலாம். பக்கத்து வீட்டுக்காரரோடு போவதென்றால் ஒரு தடத்தில் அவர், ஒரு தடத்தில் நீங்கள். மாஸ்க் சட்டைப்பையில் இருக்கட்டும். ஆள் வரும்போது போட்டுக்கொள்ளலாம். எங்கள் சித்தப்பா "ஆத்துக்கரையில யாருடா இருக்கா, இதை எதுக்குச் சுமக்கிறே" என்பார். கரையில் யாரும் இல்லைதான். ஆனால் நடக்கிறவரைப் பார்த்ததும் சைக்கிளை நிறுத்திவிட்டு, "என்ன, ஊர்ல எல்லாம் சௌக்கியமா?" என்று பக்கத்தில் வந்து நிற்கிறவர் நம் ஊரில் எப்போதும் உண்டு.

பெண்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆளில்லாத கரை ஆண்களுக்கு நிம்மதி. பெண்களுக்கு அது பயம், அந்தப் பயம் நியாயமானது. தொற்றுக்காகத் தனிமையைத் தேடு என்று அவர்களுக்குச் சொல்ல எனக்கு வாய் வராது. வயலில் ஆட்கள் வேலை செய்யும் நேரம், கரையை ஒட்டி வீடுகள் இருக்கும் பகுதி, இரண்டு பேராக, இடைவெளி விட்டு என்பதுதான் சரியாக வரும். கூட்டம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் மாஸ்கோடு தெருவில் நடப்பது அவர்களுக்கு நல்ல தேர்வு.

வேதாரண்யம், மன்னார்குடிப் பக்கத்தில் நடப்பவர்கள் நிழலையும் பார்க்க வேண்டும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் சாய்த்த தென்னைகளுக்குப் பதில் வைத்த கன்றுகள் நிழல் கொடுக்க வருஷங்கள் ஆகும். பழைய நினைப்பில் ஒன்பது மணிக்குக் கிளம்பினால் தலை சுற்றும். தண்ணீர் பாட்டில் வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். பம்பு செட்டில் கூட்டமாகக் குடிக்க வேண்டியதில்லை. இடி சத்தம் கேட்டால் வெட்டவெளியிலும் தென்னை, பனை அடியிலும் நிற்காமல் ஏதாவது கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

எழுபது தாண்டியவர்களுக்கும், தடுமாறி நடப்பவர்களுக்கும் மொட்டை மாடியே மேல். சலிப்பு தட்டும்தான், ஆனால் விழுந்தால் கீழே இருப்பவர்களுக்குச் சத்தம் கேட்கும்.

தொற்று வந்து குணமானவர்கள் நேராகக் கரைக்குப் போக வேண்டாம். முதலில் வீட்டுக்குள்ளேயே ஆறு நிமிஷம் நடந்து பாருங்கள், விரலில் ஆக்சிமீட்டர் மாட்டிக்கொண்டு. ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே இறங்கினாலோ மூச்சு வாங்கினாலோ நடையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். இறங்கவில்லை என்றால் சில நாள் மாடி, அப்புறம் சில நாள் தெரு. பேசிக்கொண்டே மூச்சு வாங்காமல் நடக்க முடிகிறது என்று ஆன பிறகு கரைக்குப் போகலாம். முதல் வாரம் வீட்டில் இருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு, அடுத்த பாலம் வரைக்கும் போகாமல், பாதி வழியிலேயே திரும்பிவிடுங்கள்.